ஈவதும் ஏற்பதும்

நீர்த்தாவரங்கள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிகளுக்கு உருளையிலிருந்து கரியமில வாயுவைச் செலுத்துவோர், அது செல்லும் வேகத்தை அறியும்பொருட்டு, நீர் நிரம்பிய சிறு குப்பி ஒன்றின் வழியே அதைப் புகவிட்டு, விநாடிக்கு எத்தனை குமிழி எழுகிறதென்று எண்ணுகிறார்கள். குழாய் வாயின் அகலத்துக்கேற்பக் குமிழியின் பருமன் மாறுமாதலால் ஒரு வீட்டுக் கணக்கு மற்றொரு வீட்டுக்குப் பொருந்தாது. எண்ணிய குமிழிகளிலும் ஒரு பங்கு கரையாமலே மேலெழுந்து காற்றோடு போய்விடும். ஆகவே விஷயம் அறிந்தவர்கள் புரோமோதைமால் நீலம் என்னும் சாயம் கலந்த நீரைச் சிறு கிண்ணத்தில் இட்டுத் தொட்டிக்குள் பொருத்துகிறார்கள்: நிறம் நீலமாயின் வாயு குறைவு, பச்சையாயின் லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சளாயின் மீனுக்கு அபாயம். அந்நிறமும் நீரில் கரைந்ததைச் சொல்லுமேயன்றி இலை உட்கொண்டதைச் சொல்லாது. ஒளியற்ற இரவில் எவ்வளவு ஈந்தாலும் தாவரம் ஏற்பதில்லை, தானே அவ்வாயுவை வெளிவிடுகிறது.

ஈந்ததை எண்ணலாம், ஏற்றதை எண்ணலாகுமோ என்னும் இவ்வினா, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதம் அருளிய காலந்தொட்டுச் சைவ சித்தாந்திகளுக்குப் பழகிய ஒன்றே. திருவருள் யாவர்க்கும் ஒருபடித்தாகவே உளது, பெறுவதிலுள்ள பேதம் ஆன்மாக்களின் பக்குவத்தால் விளைவது என்று அவர்கள் சமாதானம் கூறுவர். இறைவனைப் பட்சபாத தோஷத்தினின்று விடுவிக்க இதனினும் நயமான யுக்தி எனக்குத் தெரியாது. ஆயினும், தன் ஆன்மாவைக் குறித்து ஒருவன் எண்ணுகையில் பணிவாக இருக்கும் இக்கொள்கை, அயலான் துன்பத்துக்கு விளக்கமாகும்போது கொடுமையாகிவிடுகிறது. (விளக்குபவர் பெரும்பாலும் உண்டு முடித்தவராகவே இருப்பார்.) செடி வாடினால் தொட்டிக்காரன் அதன் பக்குவத்தைப் பழிப்பதில்லை, விளக்கு எரிகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறான்.

சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக நம் தேசத்தின் பெரிய உவர்நீர் ஏரியாகிய பழவேற்காட்டில், முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் உட்புகாத காலங்களில் இறாலும் மீனும் அருகி, வலை வெறிதே ஏறுகிறது. அதைக் குப்பத்தானின் பக்குவக் குறைவென்று சொல்லத் துணியும் ஞானி யார்? அங்குள்ள பட்டினவ மீனவர்கள் இதைத் தம் வழியில் அறிந்தே இருந்தனர்போலும். வழிவழியாக வரும் பாடு முறையில், ஏரியின் வளமான இடங்களைச் சீட்டுப் போட்டு, தலைக்கட்டுகளுக்குள் முறைவைத்துப் பகிர்கிறார்கள். இன்று நல்ல இடத்தில் வலை கட்டியவன் மறுமுறை வேறிடம் போகவேண்டும். விழும் மீனை அவர்கள் சமமாக்க முயலவில்லை. மீனிடம் செல்லும் வாய்ப்பையே சமமாக்கினார்கள். அருளைப் பற்றிய தர்க்கங்கள் பலவற்றினும் இவ்வேற்பாட்டில் எனக்கு அதிக தத்துவம் தென்படுகிறது.

ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதே ஏரியில், ஆழமற்ற நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்குப் பாடு முறையில் உரிமை கிடையாது. அவர்களுக்கு வாய்ப்புக் குறைந்தது எந்தப் பக்குவத்தால் என்று கேட்டால், சித்தாந்தியைக் காட்டிலும் சீட்டுப் போடுகிற ஊர்ப் பெரியவர்களே பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.