தாயின் பத்தியமும் தவமும்

சேயின் நோய்க்காகத் தாய் தன் உணவைக் கட்டுப்படுத்தும் 'பத்தியம்' தமிழ் வீடுகளில் ஏறக்குறைய ஒரு நோன்பாகவே மதிக்கப்படுகிறது. எனினும், தனக்கு நேர்ந்த துன்பத்தைப் பொறுத்தலையும் பிற உயிர்க்குத் தீங்கு செய்யாமையையும் தவத்தின் வடிவமாகத் திருக்குறள் காட்டுவதை எண்ணும்போது, தேவையின்றி வருவித்துக்கொள்ளும் துன்பமும் தவமாகுமா என்ற வினா எழுகிறது.

தோளில் மடித்துப் போட்ட துணியில் திரிந்த பால் வழிந்ததுமே, மதியம் சோற்றில் ஊற்றிக்கொண்ட மோரின்மீது தாயின் ஐயம் பாய்கிறது. ஆனால், உணவுக்குழாயின் அடியிலுள்ள தசைவளையம் முதிராமையால் குடித்த பால் மேலேறி வரும் 'எதுக்களிப்பு', எடை நன்கு கூடிவரும் குழந்தைகளிடம் பெரும்பாலும் 12 மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். பசும்பால் புரதம் நுண்ணளவில் தாய்ப்பாலில் கலப்பதால் சில குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தம், கரப்பான், எடை கூடாமை போன்ற ஒவ்வாமைக் குறிகள் தோன்றுவதும் உண்மையே. பால் சர்க்கரையான லாக்டோஸோ தாயின் மார்பிலேயே உருவாவது, எனவே எந்தப் பத்தியமும் அதைக் குறைக்காது.

ஐயம் வலுக்கும்போது, மருத்துவர் மேற்பார்வையில் 2 முதல் 4 வாரம் பால், தயிர், மோர், பனீர் ஆகியவற்றை விலக்கி, குணம் தெரிந்தால் அவற்றை மீண்டும் உண்டு பார்ப்பதே முறை. இந்த மீண்டும் உண்ணலில்தான் பத்தியம் பரிகாரத்திலிருந்து, அதாவது செய்த குற்றத்துக்கான கழுவாயிலிருந்து, விலகி நிற்கிறது: பரிகாரம் குற்றத்தை முன்னரே முடிவுசெய்துவிடுகிறது, சோதனையோ குற்றமே இல்லாமல் போகவும் இடம் தருகிறது. குழந்தையின் அழுகையைத் தாயின் வினைப்பயனாகப் பேசும் உறவினர் நடுவே, கேழ்வரகும் எள்ளும்கூடப் போதிய அளவில் உண்ணாமல் சுண்ணாம்புச்சத்துக் குன்றி மெலியும் பெண்ணுக்கு, அந்த இடம் மறுக்கப்படுவது கொடுமை.