பாட விடுகிறார்

போன டிசம்பர் முதல் சனிக்கிழமை. கேரல் பயிற்சி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பத்து மாதக் குழந்தையை வீட்டில் விட்டு வந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பால் கட்டி மார்பு வலித்தது, ரவிக்கை நனையத் தொடங்கியிருந்தது. கணவர் வழிப் பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கொடுத்து வச்சவ பிள்ளே. பிள்ளை பெத்த பெறகும் உன்னப் பாட விடுறான் பாரு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லு. அவனுக்கும் நன்றியா இரு."

"ஆமா பெரியம்மா" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன். 'விடுறான்' என்ற அந்த ஒற்றைச் சொல் பாளையங்கோட்டைத் தெருக்களில் வீடு வரைக்கும் என்னோடு வந்தது.

நான் நாகர்கோவில்காரி. திடப்படுத்தல் எடுத்த வயதிலிருந்து கொயரில் சோப்ரானோ பாடியவள். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் பாடவில்லை. பாடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. பயிற்சி நேரமும் இரவுச் சமையல் நேரமும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். பிறகு வாந்தி, பிறகு பிரசவம், பிறகு தையல் காயும் வரை ஓய்வு. இத்தனைக்கும், பெண் பார்க்க வந்த அன்று காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: "பாப்பா பாடுமாமே, ஒரு கீர்த்தனை பாடச் சொல்லுங்க." பாடினேன். எல்லாருக்கும் பிடித்தது. 137ஆம் சங்கீதத்தில், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் பிடித்துக்கொண்டு போனவர்களே பாட்டுக் கேட்கிறார்கள். இவர்கள் சுரமண்டலங்களை மரத்தில் தொங்கவிட்டுவிட்டு அழுகிறார்கள். என் வீட்டாரைப் பாபிலோனியர் என்று சொல்வது அநியாயம், நல்ல மனிதர்கள். ஆனாலும் அந்தச் சங்கீதத்தை இப்போது வாசிக்கும்போது எனக்கு அந்தக் காப்பி டம்ளர்தான் ஞாபகம் வருகிறது. அன்றைக்கு என் குரல் எனக்கான தகுதியாக இருந்தது. அதே குரலுக்கு இன்று அனுமதி வேண்டியிருக்கிறது. அனுமதி கிடைத்தால் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னுடைய ஒன்றை எனக்கே தருகிறவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவளா? என் கணவர் வாரத்தில் ஐந்து நாள் காலையில் ஷட்டில் விளையாடப் போகிறார். அவரை விளையாட விடுவதற்காக யாரும் என் கையைப் பிடித்துப் பாராட்டியதில்லை. தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்ததுக்கெல்லாம் தேங்க்ஸ் சொல்லுவியாக்கும்?" என்றாள். சரியான கேள்விதான். ஆனால் அதோடு விஷயம் முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. உண்மையில் நான் அவரிடம் நன்றியோடுதான் இருக்கிறேன். சிசேரியன் ஆன முதல் மாதம் ராத்திரி மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டிக்கொடுத்தவர் அவர். சுருதி சேராத குரலில் ஏதோ ஒரு பாமாலையை முனகிக்கொண்டே நடப்பார். அந்த அபஸ்வரத்தை இருட்டில் கேட்டுக்கொண்டு படுத்திருந்த நிமிஷங்களைவிட நிம்மதியான நிமிஷங்கள் என் வாழ்க்கையில் குறைவு. கொள்கைக்காக இதை மறைத்தால் அதுவும் ஒரு பொய்தான். ஆக, என்னை உறுத்தியது நன்றி இல்லை. அதைக் கேட்டு வாங்குகிற விதம்தான் உறுத்தியது.

எங்கள் சபைகளில் நன்றிக்குப் பஞ்சமே கிடையாது. போனை எடுத்தால் ஸ்தோத்திரம், வாசலில் சந்தித்தால் ஸ்தோத்திரம். வேலை கிடைத்ததற்கும் வீடு கட்டியதற்கும் விபத்தில் தப்பியதற்கும் காணிக்கை உறை உண்டு. உறையின் மேல் காரணம் எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் வாசிப்பார்கள். பிரசவத்துக்கென்று தனி முறைமையே இருந்திருக்கிறது. திருநெல்வேலிக்கு வந்த ஆங்கிலிக்கன் மிஷனெரிகள் கையில் கொண்டுவந்த 1662ஆம் வருஷத்து ஜெபப் புத்தகத்தில், பிள்ளை பெற்றவள் கோயிலுக்கு வந்து முழங்காலில் நின்று நன்றி செலுத்துவதற்கென்று ஒரு சிறிய ஆராதனை இருக்கிறது. அவள் வழக்கமான காணிக்கையைச் செலுத்த வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கிறது. தகப்பனுக்கு அப்படி ஓர் ஆராதனை கிடையாது. அதற்கும் முன்னால் லேவியராகமம். ஆண் பிள்ளை பெற்றால் நாற்பது நாள் தீட்டு, பெண் பிள்ளை என்றால் எண்பது. அது முடிந்து பலி கொண்டுவர வேண்டும், ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவள் இரண்டு பறவைகளைக் கொண்டுவரலாம். இயேசுவைப் பெற்ற மரியாளும் அந்தப் பறவைக் கணக்கில் வந்தவள்தான் என்கிறார் லூக்கா. செத்துப் பிழைத்தவள் நன்றி சொல்ல விரும்புவது இயல்பு, நானும் விரும்பினேன். ஆனால் அவள் எந்த நாளில் வர வேண்டும், எங்கே முழங்கால் போட வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் மற்றவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இது நன்றியா வரியா என்று சந்தேகம் வருகிறது.

வரி என்பதுகூடப் பரவாயில்லை. எங்கள் தெரு ஜெபக்கூட்டத்தில் ஓர் அக்கா எல்லா வாரமும் சாட்சி சொல்வார். "இந்த வாரமும் ஆண்டவர் காத்தார்" என்பார். எதிலிருந்து என்பது உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அவர் முழங்கை வரை சேலையை இழுத்துவிட்டுக் கொள்வதும் தெரியும். நாங்கள் 'அல்லேலூயா' சொல்வோம். எல்லா நிலையிலும் ஸ்தோத்திரம் செய்யுங்கள் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதினார் அல்லவா? நிலை 'யில்' என்றுதானே இருக்கிறது, நிலைக் 'காக' என்று இல்லையே என்று ஒரு காலத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் எல்லாவற்றுக்காகவும் என்றே அவர் சொல்லிவிட்டார். வேற்றுமை உருபைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க முடியாது. அந்த அக்காவின் ஸ்தோத்திரத்துக்கு நாங்கள் சொல்லும் 'அல்லேலூயா' அவரைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்பிவைக்கிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயம்.

அதே வேதத்தில்தான் மரியாளின் பாட்டும் இருக்கிறது. கேரல் ஆராதனையில் வருஷம் தவறாமல் பாடுகிறோம். தாழ்ந்த சாந்த ராகத்தில், கண்ணை மூடிக்கொண்டு. பாட்டில் இருப்பதோ சிங்காசனங்களிலிருந்து அதிகாரிகள் கீழே தள்ளப்படுவதும், பசித்தவர்கள் நிறைவதும், பணக்காரர்கள் வெறுங்கையாய் அனுப்பப்படுவதும். கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான ஓர் ஏழைப் பெண், சொந்தக்கார அக்கா வீட்டில் நின்று பாடும் நன்றிப் பாட்டு இது. அவள் நன்றி கீழே இருக்கிறவளைக் கீழேயே வைக்கிற நன்றி இல்லை. இன்னொன்றையும் இப்போதுதான் கவனித்தேன். அவளை ரகசியமாய்த் தள்ளிவிட யோசித்து, பின் சேர்த்துக்கொண்டவர் யோசேப்பு. அதற்காக மரியாள் அவருக்கு நன்றி சொன்னதாக எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை.

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. 'நன்றி' என்றாலே பழைய தமிழில் நன்மை, செய்த நல்லது என்றுதான் பொருள். வள்ளுவர் இல்லறவியலில் அதற்கு ஓர் அதிகாரம் வைத்தபோது 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயரிட்டார். பிறர் செய்த நல்லதை அறிவது. தலைப்பில் உள்ள வினை அறிதல்தான், அடைத்தல் இல்லை. நன்றிக்கடன் என்று சொல்லும்போது ஒரு தராசு வந்துவிடுகிறது. யார் கடன் கொடுத்தவர், இன்னும் எவ்வளவு பாக்கி, பாக்கிக்காரி எவ்வளவு தலைகுனிய வேண்டும் என்று போகிறது. அறிதல் என்று வைத்துக்கொண்டால் கேள்வியே மாறுகிறது: எது நடந்தது, யார் செய்தது?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் எங்கள் கொயரே வேறு மாதிரித் தெரிகிறது. நாங்கள் பாடுவது டானிக் சோல்ஃபா முறையில். ஸ்டாஃப் கோடுகள் தெரியாதவர்களும் எழுத்தைப் பார்த்தே நான்கு குரலில் பாடிவிடலாம். சிறுவயதில் எங்களுக்கு இதை 'கர்வன் முறை' என்றுதான் சொல்லித் தந்தார்கள். ஜான் கர்வன் என்ற போதகர் இதைச் செம்மைப்படுத்தி உலகமெங்கும் பரப்பினார். ஆனால் அடிப்படையை உண்டாக்கியது இங்கிலாந்தின் நாரிச் நகரத்துப் பெண் ஒருவர். சாரா ஆன் குளோவர் என்று பெயர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பதற்காக உருவாக்கிய முறையை அவர் 1835இல் புத்தகமாக வெளியிட்டார். யாரிடமிருந்து எடுத்தேன் என்பதைக் கர்வன் மறைக்கவில்லை. பிற்பாடு வந்தவர்கள்தான் ஒரு பெயர் போதும் என்று விட்டுவிட்டார்கள். நம் பக்கத்துக் கதையும் உண்டு. 'கருணாமிர்த சாகரம்' எழுதிய தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் 1916இல் பரோடா இசை மாநாட்டில் தம் சுருதிக் கொள்கையை நிறுவியபோது, அதைப் பாடியும் வீணையில் வாசித்தும் காட்டியவர்கள் அவர் குடும்பத்துப் பெண்கள். பண்டிதர் பெயர் எனக்குப் பள்ளி நாளிலிருந்தே தெரியும். வீணை வாசித்த விரல்களைப் பற்றிப் போன வருஷம்தான் கேள்விப்பட்டேன்.

மற்றவர்களைக் குறை சொல்லிக்கொண்டே வந்தவள் இங்கே என் கணக்கையும் சொல்ல வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று காணிக்கை உறையில் நானே எழுதினேன். சுகப்படுத்திய ஆண்டவருக்கும், டாக்டருக்கும், உறுதுணையாயிருந்த கணவருக்கும் நன்றி என்று. ஆபரேஷன் முடிந்து மரத்துப்போன கால்களோடு கிடந்தவளை மூன்று நாள் சுத்தம் செய்தது வார்டு ஆயாம்மா. ரத்தம் தோய்ந்த துணியை மாற்றும்போது, "வெக்கப்படாதீங்கம்மா, எனக்கும் மூணு" என்று சிரிப்பார். டிஸ்சார்ஜ் ஆகும்போது இருநூறு ரூபாயைக் கையில் திணித்தேன். பெயர் கேட்கவில்லை.

அப்புறம் என் அத்தை, கணவரைப் பெற்றவர். அந்தச் சனிக்கிழமை என்னைப் 'பாட விட்டது' யார்? கணவர் ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ராத்திரிக்குத் தோசை சுட்டு, அழுத பிள்ளைக்குப் பால் புகட்டி, தாலாட்டித் தூங்க வைத்தவர் அத்தை. பெரியம்மா அவரைச் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. எங்கள் வீடுகளில் ஒருவருக்கொருவர் நன்றி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. சொன்னால் நாடகத்தனமாக இருக்கும். அது அன்பின் அடையாளம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் சொல்லாமலே விட்டதில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியாமலும் போய்விட்டது. அத்தையும் ஒரு காலத்தில் கொயரில் ஆல்ட்டோ பாடியவர் என்று ஜனவரியில்தான் தெரிந்துகொண்டேன், அதுவும் வேறொருவர் சொல்லி. கேட்டபோது, "அது கெடக்கு, தொண்டை எப்பவோ போச்சு" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரிக்கப் போய்விட்டார். சனிக்கிழமை பிள்ளையை உங்கள் மகன் பார்த்துக்கொள்வார், நாம் இரண்டு பேரும் போகலாம் என்றேன். "அவனுக்குத் தோசை சுடத் தெரியுமா?" என்றார். தெரியாது. கற்றுக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரியில் மகளின் முதல் பிறந்தநாள். இந்த முறை உறையில் அத்தையின் பெயரை எழுதினேன். பெயர் தெரியாத ஆயாம்மாவை 'என்னைக் கழுவித் துடைத்த சகோதரி' என்று எழுதினேன். இடம் போதாமல் உறையின் பின்பக்கமும் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசித்தார்கள். என் கணவர் பெயரைச் சொல்லி, 'குடும்பத்தார், மகளின் பிறந்தநாளுக்காக, ஐந்நூறு ரூபாய்' என்றார்கள். அடுத்த உறைக்குப் போய்விட்டார்கள். பட்டியல் நீளம், நேரம் போதாது, புரிகிறது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன், உங்கள் பெயரைத்தான் எழுதியிருந்தேன், வாசிக்கவில்லை என்று. அவர் திடுக்கிட்டுப் போனார். "என் பேரை எதுக்குட்டி எழுதுன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எங்கள் கோயிலில் பெண்களின் பெயரை முழுசாக வாசிப்பது நினைவுக் காணிக்கையின்போதுதான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் கேட்டார்: "சரி, என்னன்னு எழுதுன? முழுசாச் சொல்லு."