மேலடுக்கு

ஒரு ஓவியத்தைப் பார்த்தவுடன் இது இன்ன பாணி என்று சொல்லத் தெரிவது நம்மிடையே ரசனைக்கான யோக்யதாம்சமாகிவிட்டது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. வங்கியில் காசோலைக் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். சாய்வு, சுழி, கடைசி இழுப்பு எல்லாம் ஒத்துப்போனால் பணம் பட்டுவாடா. போட்டவர் எப்படிப்பட்டவர் என்பது என் கவலை இல்லை. பாணியை அடையாளம் காண்பதும் இவ்வளவுக்கான காரியம்தான். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் போகிற வழியில், பசுபதிகோயிலுக்கு அருகே இருக்கும் புள்ளமங்கைக்கு என்னோடு வந்த நண்பர், 'முற்சோழர், முதலாம் பராந்தகன் காலம்' என்றார். சரிதான். அடித்தளத்தில் வரிசையாக இருக்கும் சின்னஞ்சிறு ராமாயணச் சிற்பங்களைக் குனிந்து பார்க்க அதற்குமேல் அவருக்கு அவசியம் இருக்கவில்லை.

இது தனிமனித ரசனையோடு நின்றால் பாதகமில்லை. பெரிய கோயிலில் இது தர்மப் பிரச்னையாகிறது. கருவறையைச் சுற்றிவரும் இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டார். பிற்பாடு தொல்லியல் துறை சில இடங்களில் மேலடுக்கைப் பெயர்த்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்துவிட்டு, அடியில் இருந்ததை வெளிக்கொணர்ந்தது. அசாத்தியமான வேலை. எதையும் அழித்துவிடவில்லை என்பதும் வாஸ்தவம். ஆனால் எது சுவரில் இருக்கவேண்டும், எது பலகைக்குப் போகவேண்டும் என்று தீர்மானித்தது எது?

வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் அந்தக் காட்சியின் கோட்டுவேகத்துக்கு மேலடுக்கு ஈடாகாது என்பதே, புகைப்படங்களை வைத்துச் சொல்கிறேன், என் அபிப்பிராயமும். ஈரச் சுண்ணம் காய்வதற்குள் முடித்தாகவேண்டிய கை அது. தயங்க நேரமில்லை, தயங்கவும் இல்லை. இப்படிக் காரணம் சொல்லிச் சுவரைத் திறந்தால் அது மதிப்பீடு, எதிர்த்து வாதாடலாம். 'சோழர்' என்ற சொல்லே போதுமானதாக இருந்தால் அது ராஜவிசுவாசம், வேறொன்றுமில்லை.

1874ல் லூயி லெரூவா என்ற பத்திரிகைக்காரர் மோனேயின் ஒரு படத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு கேலி செய்யப்போய்த்தான் இம்ப்ரஷனிஸம் என்ற பெயர் நிலைத்தது. வசைதான், ஆனால் படத்தின் முன்னால் நின்று வைத வசை. நம் பெயர்கள் வம்சாவளியிலிருந்து வருகின்றன. படியளந்தவன் பெயர் நிற்கிறது, சுண்ணம் குழைத்தவன் பெயர் இல்லை. (மராட்டியர் காலத்தில் செழித்த பொன்தகட்டுப் படங்களுக்குத் 'தஞ்சாவூர்' என்று ஊர்ப்பெயராவது மிஞ்சியது.)

பழைய சுவர்மேல் புதுச் சுதை பூசிய நாயக்கர் காலத்துக் கலைஞனும் ஒரு தீர்ப்பைத்தான் சொன்னான். ஆனால் அவனுடைய சுதைதான் கீழே இருந்ததை முந்நூறு வருஷம் கண்மறைவாகக் காத்தது. அதை மறைத்த குற்றத்துக்காக அல்லாமல், அதன் நிறத்துக்காகவும் கோட்டுக்காகவும் அந்த மேலடுக்கைப் பற்றித் தமிழில் யாரும் விஸ்தாரமாக எழுதி நான் படித்ததில்லை.