கண்ணாடிக் கிண்ணமும் கர்த்தாவும்

ஒரு பொருளைக் கண்ட மாத்திரத்தில் அதைச் செய்தவரைப் பற்றி எவ்வளவு தூரம் சொல்ல முடியும் என்னும் கேள்வி, இந்தியத் தருக்க மரபில் இறைவனின் உண்மையை நிறுவும் வாதத்தோடு பிணைந்தே வளர்ந்தது. குடம் காரியம், அதாவது செய்யப்பட்ட பொருள், ஆதலால் அதற்குக் கர்த்தா உண்டு. உலகமும் காரியமே, ஆதலால் அதற்கும் கர்த்தா உண்டு என்று நியாயத் தருக்க மரபினராகிய நையாயிகர் அனுமானித்தனர். சைவ சித்தாந்தம் இதே குடத்தைக் கொண்டு, செய்பொருளாகும் மண்ணை முதற்காரணம் என்றும், செயலுக்கு உதவும் தண்டசக்கரத்தைத் துணைக்காரணம் என்றும், அறிவோடு செயலை நடத்தும் குயவனை நிமித்தகாரணம் என்றும் பிரித்துக் காட்டியது. இந்த அனுமானத்தின் வலிமையைச் சோதிக்கக் குடத்தைவிடத் தகுதியான பொருள், வாயால் ஊதிச் செய்த வண்ணக் கண்ணாடிக் கலம். ஏனெனில் அதன் காலத்தையும் கைவினைஞரையும் கண்டறிய முயலும் ஆய்வாளர்கள், காரியத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழியை உண்மையிலேயே நடந்து பார்த்தவர்கள்.

மூன்று காரணங்களுள் முதற்காரணமே அவர்களிடம் தெளிவாகப் பேசுகிறது. ரோமானியர் காலக் கண்ணாடி, மணலோடு நேட்ரான் என்னும் எகிப்திய ஏரிப்படிவ உப்பைச் சேர்த்து உருக்கப்பட்டது. ஏறத்தாழ 8, 9ஆம் நூற்றாண்டுகளில் கிழக்கு மத்தியதரைக்கடல் நாடுகளில் அவ்வுப்பின் இடத்தைத் தாவரச் சாம்பல் பிடித்தது. சாம்பல் கலந்த கண்ணாடியில் மக்னீசியமும் பொட்டாசியமும் மிகுதியாக இருப்பதால், இரண்டையும் வேதியியல் பகுப்பாய்வு பிரித்துவிடுகிறது. புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் யுரேனியக் கண்ணாடி, பொஹீமியாவில் 1830களில் ரீடல் குடும்பத்தாரின் உலைகளிலிருந்து பெருமளவில் வெளிவரத் தொடங்கியது. ஆயினும் நிறமும் மூலப்பொருளும் பெரும்பாலும் ஒரு பக்க எல்லையையே காட்டுகின்றன: இந்தக் கலம் இன்ன காலத்துக்கு முன் தோன்றியிருக்க இயலாது என்பது துணியப்படும், எவ்வளவு பின்னால் தோன்றியது என்பது துணியப்படாது. மேலும், உடைந்த கண்ணாடியை மீண்டும் உலையிலிட்டு உருக்குவது பழங்காலந்தொட்டே வழக்கமாதலால், ஒரே கிண்ணத்தில் பல ஊர்களின் மணலும் பல தலைமுறைகளின் உப்பும் கலந்திருக்கக்கூடும்.

துணைக்காரணமும் தடம் விடுகிறது. ஊதிய கலத்தின் அடியில் ஓர் இரும்புக்கோலை ஒட்டிப் பிடித்து, ஊதுகுழலைப் பிரித்து, வாய்விளிம்பைத் திருத்திய பின் கோலை முறித்தெடுக்கும்போது அடியில் தங்கும் கரடுமுரடான வடு, கருவி இன்னதென்று சொல்லும். ஆனால் அக்கோலை இன்றும் கைவினைஞர்கள் பயன்படுத்துவதால், வடுவை மட்டும் கொண்டு காலத்தைத் துணிவது பிழை.

நிமித்தகாரணத்தை நெருங்கும்போதுதான் அனுமானம் தளர்கிறது. வெனிஸ் அரசு 1291இல் கண்ணாடி உலைகளை முரானோத் தீவுக்கு மாற்றியது. பின்னர்க் கைவினைஞர் வெளியேறுவதையும் தடை செய்தது. அப்படியும் வெளியேறியவர்கள் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே உள்ள நாடுகளில் வெனிஸ் பாணிக் கலங்களைச் செய்தார்கள். அவற்றுள் பலவற்றை முரானோக் கலங்களிலிருந்து பிரித்தறிவது இன்றும் கடினம். ஒரு கலம் ஒருவர் கையில் உருவாவதும் அரிது: உருகிய கண்ணாடியை அள்ளுபவர், ஊதுபவர், கைப்பிடி ஒட்டுபவர் என்று ஒரு குழுவே உலையைச் சுற்றி இயங்குகிறது.

கலத்தில் பெயரே பொறிக்கப்பட்டிருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் அச்சுக்குள் ஊதிச் செய்யப்பட்ட நேர்த்தியான வண்ணக் கலங்கள் சிலவற்றில், அவற்றைச் செய்தவர் என்னியோன் என்று கிரேக்க எழுத்தில் காணப்படுகிறது. பெயர் அச்சிலேயே வெட்டப்பட்டதாதலால், அது அச்சை வடித்தவருடையதா, கலத்தை ஊதியவருடையதா, பட்டறை உரிமையாளருடையதா என்பதைக் கலம் சொல்லவில்லை. பொஹீமியக் கண்ணாடி நிறுவனமான லோட்ஸின் கையொப்பமற்ற வண்ணக் கலங்களில் அமெரிக்கக் கண்ணாடிக் கலைஞர் டிஃபனியின் பெயரைப் பிற்காலத்தார் பொறித்து விற்றதும் உண்டு. ஆகவே பெயர் என்பது அனுமானத்தால் கிடைப்பதன்று. அது ஒரு சான்றுரை, சொன்னவரின் நம்பகத்தைச் சார்ந்தே நிற்பது.

வைணவ வேதாந்தி இராமானுசர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் நையாயிகரை மறுத்ததும் கர்த்தாவை அனுமானிக்கும் இந்த இடத்திலேயே. உலகம் முழுவதும் ஒரே காலத்தில் ஒரே கர்த்தாவால் செய்யப்பட்டது என்பதற்கு அனுமானம் சான்றாகாது என்றும், குடத்தை உவமையாக்கினால் குயவனைப் போல உடலும் குறைந்த ஆற்றலும் உடைய கர்த்தாவே கிடைப்பான் என்றும் அவர் வாதிட்டார். பல கர்த்தாக்களைக் கொள்வதைவிட ஒருவனைக் கொள்வதே லாகவம், அதாவது கருத்துச் சிக்கனம், என்பது நையாயிகர் விடை. எளிதில் ஒதுக்கத்தக்க விடையன்று அது. எனினும் அந்தச் சிக்கனத்தைக் கண்ணாடி உலைக்குப் பொருத்தினால், பலர் கூடி உழைத்த இடத்தில் ஒருவரையே காணும் பிழை நேர்கிறது. உலகத்தின் நிலை வேறு என்று நையாயிகர் சொல்லலாம். சொன்னால், குடத்தின் உவமையை அவர்களே கைவிட்டவராவர்.

எனவே இராமானுசர் பக்கமே நியாயம் இருக்கிறது. செய்பொருள், அறிவுடைய செயல் நிகழ்ந்தது என்பதை உறுதியாகச் சொல்லும். செய்தவர் ஒருவரா பலரா, அவர் பெயர் என்ன, குணம் என்ன என்பவற்றைச் சொல்லாது. அவற்றை ஆகமமும் சுருதியும் ஆகிய சொற்பிரமாணத்திடமே, அதாவது சான்றுரையிடமே, கேட்க வேண்டும். சமய வகுப்புகளில் குடத்தையும் குயவனையும் காட்டிப் பாடம் சொல்வோர், உவமை நிற்கும் எல்லையையும் அதே வகுப்பிலேயே மாணவர்க்குச் சொல்லிவிட வேண்டும்.