அக்னாஸ்டிக் என்னும் சொல்



ஆங்கிலம் கற்ற அன்பர் சிலர், 'புத்தர் ஓர் அக்னாஸ்டிக்' என்று பெருமையுடன் கூறக் கேட்கிறோம். நாமும் தலையசைத்து விடுகிறோம். அச்சொல்லின் பிறப்பைச் சற்று ஆராய்வோம்.

இது பழஞ்சொல்லன்று. ஆங்கிலேய விஞ்ஞானி தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி 1869-இல் ஆக்கியது. நண்பர் யாவரும் ஏதேனுமொரு கொள்கைப் பெயர் தரித்திருக்க, தாம் மட்டும் வாலிழந்த நரிபோல் நின்றமையால் இதனைப் புனைந்ததாக 1889-இல் அவரே எழுதினார். மறைஞானம் பெற்றோம் என்ற ஆதிக் கிறிஸ்தவ காலத்துக் 'க்னாஸ்டிக்' கூட்டத்தாருக்கு இஃது எதிர்ப்பெயர். கிரேக்கக் 'க்னோ', பாலி 'ஞாண', நாம் வழங்கும் 'ஞானம்' யாவும் ஒரே வேரின் கிளைகள். ஆகவே சொல்லளவில் அக்னாஸ்டிக்கும் அஞ்ஞானியும் உடன்பிறப்புகள்! ஹக்ஸ்லியோ, அறியாததை அறிந்ததாகச் சொல்லாத நேர்மையையே அதனால் குறித்தார். அந்நேர்மை போற்றத்தக்கதே.

ஆயினும் பகவானுக்கு அப்பெயர் பொருந்துமா? கோசம்பியில் சிம்சபா வனத்தே சில இலைகளைக் கையிலேந்தி, தாம் போதித்தவை இவ்வளவே, அறிந்தும் போதியாதவை வனத்து இலைகள் போன்றவை என்றார். துக்க நிவாரணத்துக்கு உதவாதவற்றை அவர் விலக்கினார். உலகம் நித்தியமா என்று மாலுங்கியபுத்தர் வினவியபோதும் காரணம் இதுவே. அறியாமல் வாய் மூடுவது வேறு. அறிந்து விலக்குவது வேறு.

மகனை இழந்த தாய், 'அவன் எங்கே போனான்?' என்று நம்மைக் கேட்கும் நாள் வரும். 'எங்கள் மதம் அறியேன் என்கிறது' என்று அவளுக்கு விடை கூறுவோமா? அருகமர்ந்து, அவள் துக்கத்தைத் துக்கமென ஒப்பி, அது தணியும் வழியைப் பகவான் காட்டியவாறு மெல்லச் சொல்வோம்.