யாருடைய பழமை?

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு படிக்கச் சேர்ந்தபோது அம்மா ஒன்றுதான் கேட்டார்: "எங்கட தமிழே செம்மொழி. உனக்கென்னத்துக்கு லத்தீன்?"

பதில் தேடித்தான் முசிறிப் பாப்பிரசிடம் போனேன். வியன்னாவில் உள்ள அது, கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்கக் கடன் ஒப்பந்தம். பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு: தந்தம், சடாமாஞ்சில். சேரர் துறைமுகத்தின் பெயரைக் கண்டதும் மெய்சிலிர்த்தது. ரோமே எங்களைத் தேடி வந்தது என்று கட்டுரை எழுதினேன். அந்த ஏட்டில் இருப்பதோ கடன் கொடுத்தவனின் பாதுகாப்பு. யானையைக் கொன்றவனும் மூட்டை சுமந்தவனும் இல்லை. என் கட்டுரையிலும் அவர்கள் வரவில்லை. பெருமைப்படவும் எனக்கு ரோமின் சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது.

உறுத்துவது இன்னொன்று. 1850இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் நிற்பது கடிகல் மக்களின் நிலத்தில். அதன் லத்தீன் வாசகம், விண்மீன்கள் மாறினாலும் மனம் மாறாது என்கிறது. புலம்பெயர்ந்த எங்களுக்கு இனிக்கும் வாசகம்தான். கடிகல் மக்களுக்கு விண்மீன்கள் மாறவேயில்லை. மாறியது காலடி நிலத்தின் உரிமை. இரண்டாயிரம் ஆண்டு என்று நான் நெஞ்சு நிமிர்த்திய வகுப்பறைக்கு அடியில் பல பத்தாயிரம் ஆண்டுகள் கிடந்தன. மூன்று வருடத்தில் அவர்களைப் பற்றி ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.