ஒழுக்கம் தனிமனிதருடையதா, ஊருடையதா?

உடல்நலத்தைப் பேணும் பழக்கங்கள் தனிமனிதரின் மன உறுதியால் விளைபவையா, அவர் வாழும் சூழலால் விளைபவையா என்னும் வினா, ஒரு செயலுக்கான பொறுப்பு எவரைச் சாரும் என்று அறவியல் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினாவின் ஒரு வடிவமே ஆகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லோமா லிண்டா நகரம் இதனை ஆராய ஏற்ற களமாகும். அங்குப் பெருமளவில் வாழும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள், அதாவது சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டு 1863-இல் திருச்சபையாகத் திரண்ட கிறித்தவப் பிரிவினர், உடல் தூய ஆவியின் ஆலயம் என்னும் பவுலின் போதனையை ஏற்று, புகையையும் மதுவையும் விலக்குகின்றனர்; அவர்களுள் பலர் புலாலையும் தவிர்க்கின்றனர். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு, கலிபோர்னியாவின் வெள்ளையின அட்வென்டிஸ்டுகளுள் ஆண்கள் தம் இனத்தைச் சேர்ந்த பிறரைவிட ஏறத்தாழ 7 ஆண்டுகளும், பெண்கள் 4 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்வதைக் காட்டியது.

ஆயினும், ஒத்த நம்பிக்கையுடையோரே அத்தகைய ஊரை நாடிக் குடியேறுவதும் உண்டாதலால், ஊர் மனிதரை ஆக்கியதா, மனிதர் ஊரை ஆக்கினரா என்று எளிதில் பிரித்தறிய இயலாது. நல்லொழுக்கம் இடைவிடாத பழக்கத்தால் கைவருவது என்று அரிஸ்டாட்டில் கொண்டதை ஏற்பின், அப்பழக்கத்திற்கு இடமளிக்கும் அக்கம்பக்கமும் அறத்தின் ஒரு கூறாகிறது. எனவே, நடைபாதையோ காய்கறிக் கடையோ இல்லாத பகுதியில் நோயுற்றவரை மட்டும் பழிப்பது, பொறுப்பின் ஒரு பாதியைக் காணாது விடுவதாகும்.